ஒருகுடிப் போரும் துணைவஞ்சியும்

இருவர் மாறுபட்டு நிற்பதே போர். மாறுபட்டு நிற்பார் இவர் இவர் என்று வேறுபிரித்து அறியப்பட்டாலன்றிப் படை திரளாது. வீரன் எவன்மேல் வேல் எறிவதென்று அறியான். பழந்தமிழர் இவ்வேறுபாட்டைப் பூவால் காட்டினர் என்பது புறத்திணை பயில்வார் அனைவரும் அறிந்ததே. ஆயின், போரிடும் இரு திறத்தாரும் ஒரே குடியினராய், ஒரே பூவைச் சூடியவராய் இருப்பின் நிகழ்வது யாது? முதுகலை வகுப்பில் புறநானூற்று 45-ஆம் பாட்டைக் கற்பிக்குந்தோறும் மாணவர் இவ்வினாவை எழுப்புவர். உள்நாட்டுப் போர் மூளும் காலத்து இரு தரப்பினரும் ஆயத்தம் செய்யும் முறைமையைத் தமிழிலக்கியம் எங்ஙனம் கண்டது என்பதற்கு விடை அவ்வினாவிலேயே அடங்கியுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். ஒரு குடியிற் பிறந்தார் தம்முள் ஆட்சியுரிமை கருதிச் செய்யும் போரை ஈண்டு ஒருகுடிப் போர் என்று வழங்குவோம்.

1. இருவகைப் பூக்கள்

புறத்திணையில் பூக்கள் இருவகைப்படும். ஒன்று, போரின் படிநிலையைக் காட்டும் பூ. ஆநிரை கவர்வோன் வெட்சியும், அதனை மீட்போன் கரந்தையும் சூடுவர். மேற்செல்வோன் வஞ்சியும், எதிரூன்றுவோன் காஞ்சியும் சூடுவர். மதிலை வளைப்போன் உழிஞையும், காப்போன் நொச்சியும் சூடுவர். இங்ஙனம் எதிரெதிராகத் திணை வகுத்தல் ஐயனாரிதனாரின் புறப்பொருள் வெண்பாமாலையில் தெளிவாகக் காணப்படுகிறது. தொல்காப்பியரோ புறத்திணையை ஏழாக வகுத்து, நிரை மீட்டலை வெட்சியிலும், மதில் காத்தலை உழிஞையிலும் அடக்கினார். காஞ்சியை நிலையாமை கூறும் திணையாகக் கொண்டார். எவ்வாறாயினும், ஒருவன் செயலும் அதற்கு எதிர்ச்செயலும் என இரண்டாகப் போரைக் காணும் நெறி இரு நூல்களுக்கும் பொதுவாகும்.

மற்றொன்று, குடியைக் காட்டும் பூ. சேரர்க்குப் போந்தையும், பாண்டியர்க்கு வேம்பும், சோழர்க்கு ஆரும் உரியன. இவற்றைத் தொல்காப்பியர் புறத்திணையியலில் ஒரு துறையாகவே ஓதுகிறார். அங்கு அவர் கூறும் காரணமே நாம் கருதற்பாலது. பகை வேந்தர்தம் படைகளுள் இன்னார் படை இது என்று தெரிதல் வேண்டி மறவர் அப்பூக்களை மலைந்தனர் என்பது அத்துறையின் கருத்து. எனவே குடிப்பூ அணியன்று, அடையாளம். களத்தில் தன்னவனையும் மாற்றானையும் பிரித்தறியும் குறி அது.

இவ்விரு வகையையும் ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். முதல் மூன்று படிநிலைகளிலும் நிலைப்பூவே இரு தரப்பையும் வேறுபடுத்திவிடுகிறது. நான்காம் நிலையாகிய தும்பையில் அவ்வேறுபாடு இல்லை. வலிமையே பொருளாக இருபெரு வேந்தரும் களத்திற் கைகலக்கும் அந்நிலையில் இருவர்க்கும் பூ ஒன்றே. அப்போது அவரைப் பிரித்துக் காட்டுவது குடிப்பூ ஒன்றுதான். ஒருகுடிப் போரில் அதுவும் ஒன்றாகிவிடுகிறது. ஆகவே சோழனும் சோழனும் தும்பை சூடிப் பொருங்கால் அவ்விருவரையும் பிரித்துக்காட்டப் பூ எதுவும் இல்லை. இலக்கணத்தின் இந்த எல்லையை நன்குணர்ந்தவர் கோவூர் கிழார்.

2. ஆயத்தத்தின் இலக்கணம்

ஒருகுடிப் போரின் தனித்தன்மையை அறிதற்கு முன் ஏனைப் போர்களுக்குரிய ஆயத்தம் யாதென அறிதல் வேண்டும். தொல்காப்பிய வெட்சித் துறைகள் அதனை நிரல்படக் கூறுகின்றன. படை புறப்படும் ஆரவாரம், பாக்கத்தே நின்று விரிச்சி கேட்டல், பகைவர் அறியாவாறு செல்லுதல், ஒற்றரால் பகைப்புலத்தை அறிதல், பின்னர்ச் சூழ்ந்து தங்குதல் என்பன அவை. வஞ்சியில் படைவீரர்க்கு வேந்தன் சோறளிக்கும் பெருஞ்சோற்று நிலை உண்டு. உழிஞையில் குடையையும் வாளையும் நல்ல நாளில் புறப்படச் செய்யும் நாட்கோள் உண்டு.

படைக்கலம், உணவு, நிமித்தம், ஒற்று ஆகியவற்றோடு அறிவிப்பும் ஆயத்தத்தின் பகுதியாயிற்று. பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய 9-ஆம் புறப்பாட்டு இதற்குச் சான்றாகும். ஆவும், ஆவின் இயல்புடைய பார்ப்பாரும், பெண்டிரும், நோயுடையாரும், தென்புலத்தார்க்குக் கடனாற்றும் புதல்வரைப் பெறாதாரும் காவலான இடம் அடைக. அம்பு விடப்போகின்றோம் என்று முன்னரே உணர்த்தும் அறநெறியை அப்பாட்டுப் போற்றுகிறது. அதியமான் பொருட்டுத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவையார் பாடிய 95-ஆம் பாட்டோ ஆயத்தத்தின் மற்றொரு முகத்தைக் காட்டுகிறது. ஒருவன் படைக்கலங்கள் நெய்பூசப்பட்டு மாலை சூடிக் காவல் மனையில் அழகுற விளங்குகின்றன. மற்றவன் படைக்கலங்கள் பகைவரைக் குத்தி நுனி மழுங்கிக் கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றன. புகழ்வார்போல் பழித்து, போருக்கு முன்னரே போரின் முடிவை உணர்த்துகிறார் ஔவையார்.

இவையனைத்தும் பகைவன் வேற்றுப்புலத்தான் என்னும் அடிப்படையின்மேல் எழுந்தவை. ஒற்றன் செல்வது வேற்று நாட்டிற்கு. எச்சரிக்கை பெறுவோர் வேற்று நாட்டு மக்கள். தூதின் இடித்துரை செல்வது வேற்றரசன் அவைக்கு. அவ்வடிப்படை நீங்குமாயின் இம்முறைமைகள் ஒவ்வொன்றும் எவ்வாறு திரிகின்றன என்பதைச் சோழர்குடிப் பாட்டுக்கள் காட்டுகின்றன.

3. ஆவூர்: அடைத்த கதவின் உள்ளே

சோழன் நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் நிகழ்ந்த போரைப் பற்றி நாம் அறிவன பெரும்பாலும் கோவூர் கிழார் பாட்டுக்களாலும் அவற்றின் கீழ்க் காணப்படும் பழங்குறிப்புக்களாலுமே ஆம். 44-ஆம் பாட்டு, நலங்கிள்ளி ஆவூரை முற்றியிருந்த காலத்து, உள்ளே கதவடைத்திருந்த நெடுங்கிள்ளியை நோக்கியது.

கோட்டைக்குள்ளிருப்போன் செய்த ஆயத்தம் யாது? கதவை அடைத்தமையே. அதன் விளைவைப் புலவர் மூன்று நிலைகளில் காட்டுகிறார். பிடிகளோடு கயம் படியாமலும், நெய் மிதித்த நெற்கவளம் பெறாமலும் யானைகள் கட்டுத்தறி வருந்தச் சாய்ந்து, துதிக்கை நிலத்திற் புரள வெய்துயிர்த்து இடிபோல் முழங்குகின்றன. குழவிகள் பாலின்றி அலறுகின்றன. மகளிர் பூவின்றி வறுந்தலை முடிக்கின்றனர். நல்ல மனைகளில் நீரின்றி வருந்தும் கூக்குரல் கேட்கிறது. யானை படையுறுப்பு, குழவியும் மகளிரும் குடிமக்கள், நீர் இருசாரார்க்கும் உயிர். முற்றுகையின் துன்பம் படையில் தொடங்கி மனைக்குள் புகும் முறை இவ்வரிசையில் அமைந்துள்ளது. முதுகுடுமியின் அறநெறி பெண்டிரை அரண் புகுமாறு பணித்தது. இங்கோ அரணே அவர்க்குத் துன்பமாயிற்று. அரணுக்கு வெளியே நிற்பவனும் அவர்தம் சோழனே என்பதை நாம் மறத்தல் ஆகாது.

இதன்பின் புலவர் இரு வழிகளை வைக்கிறார். அறத்தை விரும்பினால் இவ்வூர் உன்னுடையது என்று சொல்லிக் கதவைத் திற. மறத்தை விரும்பினால் போருடன் திற. இரண்டுமின்றி மதிலின் ஒருபால் ஒடுங்கியிருத்தல் நாணத்தக்கது என்பது அவர் கூற்றின் சாரம்.

நொச்சித் திணையின் இலக்கணத்தோடு இதனை ஒப்பிடுக. மதில் காத்தல் அத்திணையில் புகழுக்குரிய செயல். புறநானூற்றிலேயே 271, 272-ஆம் பாட்டுக்கள் நொச்சி சூடிக் காவல் பூண்டு வீழ்ந்த மறவனையும் அப்பூவையும் போற்றுகின்றன. அங்ஙனமாக, கதவடைத்துக் காத்தலை நாண் என்று கோவூர் கிழார் கூறுவது எதனால்? வேற்று வேந்தனுக்குக் கதவு திறந்து ஊரை அளித்தல் தோல்வி; தன் குடியினனுக்கு அளித்தலோ அவனுக்கும் உரியதை அவனுக்குத் தருதல். எனவேதான் அச்செயல் அறம் எனப்பட்டது. ஒருகுடிப் போரில் காவலின் பெருமை தேய்கிறது. கொடையின் பெருமை எழுகிறது. பாட்டின் துறையை வகுத்தோரும் இதனை உணர்ந்தனர்போலும். முற்றுகைச் சூழலில் எழுந்த பாட்டாயினும், நொச்சியிலோ உழிஞையிலோ அடக்காது வாகைத் திணை அரசவாகை என்று குறித்தனர். அரசன் இயல்பை உணர்த்தும் பாட்டாக அவர் அதனைக் கண்டனர் எனக் கொள்ளல் பொருந்தும்.

4. உறையூர்: ஆரும் ஆரும்

45-ஆம் பாட்டு எழுந்த இடம் உறையூர். முற்றியிருந்த நலங்கிள்ளியையும் அடைத்திருந்த நெடுங்கிள்ளியையும் ஒருங்கு நோக்கிக் கோவூர் கிழார் பாடியது அது. இரு தரப்பையும் ஒரே பாட்டில் முன்னிலைப்படுத்தும் இவ்வமைப்பே அரிது. போர்ப் பாட்டு பெரும்பாலும் ஒருவனைப் பாடி மற்றவனை இகழ்வது. இங்குப் புலவர் இருவர்க்கும் நடுவே நிற்கிறார்.

அவர் கூறும் நியாயம் நான்கு படிகளை உடையது. முதலாவது, எதிர்ப்பட்டிருப்பவன் பனம்பூவோ வேம்போ சூடியவன் அல்லன். உன் கண்ணியும் ஆர், அவன் கண்ணியும் ஆர். இரண்டாவது, இருவருள் ஒருவர் தோற்பினும் தோற்பது உங்கள் குடியே. மூன்றாவது, இருவரும் வெல்லுதல் இயற்கையில் இல்லை. நான்காவது, ஆகவே இச்செயல் உங்கள் குடிக்குப் பொருந்தாது. உங்களைப் போன்ற ஏனை வேந்தர்க்கே இப்பகை மிக்க உவகையைத் தரும்.

தொல்காப்பியர் எக்காரணத்திற்காகக் குடிப்பூவை ஓதினாரோ, அக்காரணம் இங்குப் பயனற்றுப்போனதைப் புலவர் எடுத்துக்காட்டுகிறார். பகைவனைத் தெரிதற்கு அமைந்த அடையாளம், எதிர்நிற்பவன் பகைவன் அல்லன் என்பதற்குச் சான்றாகிவிட்டது. இலக்கண மரபை வேந்தரும் அறிவராதலின் இக்கூற்று வெறும் அணியாகாது அவர் நெஞ்சைத் தொடும் வழக்காயிற்று.

இனி, நலங்கிள்ளியின் ஆயத்தம் யாது? அவனே பாடிய 73-ஆம் பாட்டு வஞ்சினக் காஞ்சித் துறையினது. மெல்ல வந்து அடிபொருந்தி இரப்பின், வழிவழி வந்த அரசுரிமையைத் தருதல் எளிது, உயிரையும் தருவேன், என்னை மதியாது எள்ளியவன், துயிலும் புலியின்மேல் இடறிய குருடன்போல் தப்பிப்போதல் அரிது என்று அவன் சூளுரைக்கிறான். பாட்டில் பகைவன் பெயர் இல்லை. எனினும் நெடுங்கிள்ளியோடு இதனைத் தொடர்புறுத்திக் காண்பதற்குரிய ஒரு சொல் அதனுள் இருக்கிறது. அது தாயம் என்பது. மரபுரிமையாக வரும் அரசைக் குறிக்கும் அச்சொல்லை நலங்கிள்ளி 75-ஆம் பாட்டிலும் ஆளுகிறான். தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனது வஞ்சினமாகிய 72-ஆம் பாட்டில் பகைவர் எள்ளி நகைத்தமையே சினத்திற்குக் காரணம்; அவர்க்கு அரசைத் தருதல் என்னும் பேச்சு அங்கு எழவில்லை. கேட்டால் தருவேன் என்று சொல்லும் வஞ்சினம், எதிரியும் கேட்கும் உரிமை உடையவன் என்பதை மறைமுகமாக ஒப்புக்கொள்கிறது. ஒருகுடிப் போரில் சினத்தின் உள்ளும் உறவின் வழக்கு ஒளிந்திருத்தலை இதனால் அறியலாம்.

5. ஒற்றனும் புலவனும்

வேற்று நாட்டுப் போரில் ஒற்றனைக் கண்டறிதல் ஓரளவு எளிது. ஒருகுடிப் போரில் இரு பாசறைக்கும் சுற்றமும் ஒன்று, மொழியும் ஒன்று, பாடுவோரும் ஒருவரே. ஆகவே யாவரும் ஒற்றராகத் தோன்றுவர். 47-ஆம் பாட்டின் குறிப்பு இதனைத் தெளிவாக்குகிறது. நலங்கிள்ளியிடமிருந்து உறையூர் புகுந்த இளந்தத்தன் என்னும் புலவனை, ஒற்று வந்தான் என்று காரியாற்றுத் துஞ்சிய நெடுங்கிள்ளி கொல்லப் புகுந்தான். அப்போது கோவூர் கிழார் பாடி அவனை உய்யக்கொண்டார்.

புலவர் வாழ்வின் இயல்பையே அவர் காப்புரையாக வைக்கிறார். வள்ளல்களை நினைந்து பறவைபோல் நெடுவழி கடந்து செல்வர். பாடிப் பெற்றதைச் சேர்த்துவையாது உண்டு பிறர்க்கும் அளிப்பர். கல்வியால் தம்மொடு மாறுபட்டாரை நாணச்செய்தலன்றிப் பிறர்க்குத் தீங்கு செய்தறியார். இத்தகையோர்க்கு எல்லை இல்லை. எல்லை இல்லாமையே அவர்தம் தொழில்.

இந்நிகழ்ச்சியின் பொருள் ஓர் உயிர் பிழைத்ததோடு அமையாது. 44-ஆம் பாட்டு அடைத்திருந்தவனை நோக்கியது. 45-ஆம் பாட்டு இருவரையும் நோக்கியது. இவற்றைப் பாடுதற்கு ஒருவர் இரு தரப்பினரிடத்தும் அச்சமின்றிச் செல்லக்கூடியவராதல் வேண்டும். இளந்தத்தனைக் கொல்லும் வாள், நாளை கோவூர் கிழார்க்கும் வழியை அடைத்திருக்கும். இருபுறமும் ஐயம் முற்றிச் சொல் கொண்டு செல்வோரை ஒற்றரென்று கொல்லத் துணிவதே ஒருகுடிப் போரின் ஆயத்தங்களுள் மிகக் கொடியது. அதன்பின் சந்து செய்வார் எவரும் இரார்.

6. தந்தையும் மக்களும்

கோப்பெருஞ்சோழன் தன் மக்கள் இருவர்மேற் போருக்கெழுந்தபோது புல்லாற்றூர் எயிற்றியனார் பாடியது 213-ஆம் பாட்டு. இங்குப் பகை குடிக்குள்ளிருந்து மனைக்குள் புகுந்துவிட்டது. எதிர்வந்தோர் நின் பழம்பகைவர் அல்லர்; நீயும் அவர்க்கு அத்தகையை அல்லை; நீ புகழெய்தி மேலுலகு புக்கபின் நீ விட்ட தாயம் அவர்க்கே உரியது என்று தொடங்குகிறார் புலவர். தாயம் என்னும் சொல் இங்கும் வருதல் காண்க. அடுத்து வருவது கூரிய வினா: எண்ணமற்ற அவ்விளையோர் தோற்பின் நின் செல்வத்தை எவர்க்கு விட்டுச் செல்வாய்? நீ தோற்பினோ நின்னை இகழ்வார் உவக்கப் பழி ஒன்றையே விட்டுச் செல்வாய். ஆதலின் மறம் ஒழிக. விரைந்தெழுந்து, வானோர் விருந்தாக எதிர்கொள்ளத்தக்க நல்வினை செய்க என்று முடிக்கிறார்.

45-ஆம் பாட்டோடு இது பெரிதும் ஒத்துளது. வெற்றியும் தோல்வியும் ஒரே இழப்பாக முடிதல், அயலார் உவத்தல் என்னும் இரண்டும் இரு பாட்டுக்கும் பொது. வேறுபாடு காலத்தில் உள்ளது. கோவூர் கிழார் குடியின் பெயரால் பேசினார். எயிற்றியனார் மரபின் தொடர்ச்சியாகிய எதிர்காலத்தின் பெயரால் பேசினார். தந்தை வெல்லின் எதிர்காலமே தோற்கிறது. இதனையடுத்து 214 முதலாக அமைந்துள்ள பாட்டுக்களில் அவன் வடக்கிருத்தலும், பிசிராந்தையார் வந்து உடனிருத்தலும், பொத்தியார் வருந்துதலும் காணப்படுகின்றன. போர்க்கு எழுந்த உள்ளம் துறவில் சென்று அமைந்ததைத் தொகுத்தோர் வைப்புமுறையே காட்டுகிறது.

7. அயலார் உவகை

புலவர் இருவரும் சுட்டிய அயலார் உவகை வெற்றச்சம் அன்று. சேரன் செங்குட்டுவன் சோழர்குடிக்குரியோர் ஒன்பதின்மரை நேரிவாயிலில் வென்று, தன் உறவினனான சோழனுக்குத் துணைநின்றமை சிலப்பதிகாரத்தாலும் பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பதிகத்தாலும் அறியப்படும். சோழர் அரியணையில் எவர் அமர்வது என்பதைச் சேரன் வாள் முடிவு செய்தது. துணையாக வந்ததாயினும் அயல்வாள் அயல்வாளே.

உறவுப்போரின் முதற் சான்றாகிய பாரதப்போரையும் புறநானூறு மறக்கவில்லை. முரஞ்சியூர் முடிநாகராயர் பாடிய 2-ஆம் பாட்டு, சேரமான் பெருஞ்சோற்று உதியன் சேரலாதன் அப்போரில் வரையாது சோறளித்ததைப் பாடுகிறது. இரு படைக்கும் அளித்தான் என்பது வழிவழி வரும் கருத்து. மாமூலனார் அகநானூற்று 233-ஆம் பாட்டில் உதியன் பெருஞ்சோற்றை முன்னோர்ப் பேணலோடு இணைத்துக் கூறுதலின், அஃது இறந்தோர்க்கு இட்ட படையல் எனக் கொள்வாரும் உளர். எக்கருத்தாயினும் நம் பொருளுக்கு ஒன்றே போதும். ஒரு வேந்தன் தன் படைக்கு இடுவதாகிய பெருஞ்சோறு, உறவுப்போரில் இருபாலார்க்கும் பொதுவாகிவிடுகிறது. அப்பாட்டில் நூற்றுவர் பொன்னாலாகிய தும்பை சூடியவராகக் கூறப்படுதலும் கருதத்தக்கது. நூற்றுவரும் ஐவரும் ஒரு குடியினர். இருவரையும் பிரிக்கும் பூவில்லாத நிலையில் தும்பை எத்தகைய முடிவைத் தரும் என்பதற்கு அக்களமே சான்று.

8. துணைவஞ்சி என்னும் துறை

45, 47, 213 ஆகிய மூன்றுக்கும் வஞ்சித் திணை, துணைவஞ்சித் துறை என்றே பழங்குறிப்புக் கூறுகிறது. தொல்காப்பியத்தில் இப்பெயருடைய துறை இல்லை. போர்மேல் எழுந்தானைத் தகுவன கூறிச் சந்து செய்தல் இதன் பொருள். ஆலத்தூர் கிழார் கருவூர் முற்றிய கிள்ளிவளவனைப் பாடிய 36-ஆம் பாட்டும், மலையமான் மக்களை யானைக்காலில் இடவிருந்தபோது கோவூர் கிழார் பாடிய 46-ஆம் பாட்டும் இத்துறையினவே. ஆதலின் இஃது ஒருகுடிப் போர்க்கு மட்டும் உரியதன்று. ஆயினும் ஒருகுடிப் போரில்தான் இத்துறை தன் முழுவலிமையையும் பெறுகிறது.

இத்துறை வஞ்சியில் வைக்கப்பட்டமை ஏன்? 45-ஆம் பாட்டின் சூழல் முற்றுகை; ஆகவே உழிஞை என்னலாம். ஆனால் துறை வகுத்தோர் நிகழ்ச்சியின் இடத்தை நோக்காது சொல்லின் காலத்தை நோக்கினர் என்பது என் கருத்து. வஞ்சி என்பது படை எழுந்து அடல் குறித்த நிலை. வலிமை ஒன்றே பொருளாகும் தும்பை இன்னும் எட்டாத நிலை. தும்பையில் புலவர்க்கு வேலை களம் பாடுதலும் கையறுநிலை பாடுதலுமே. சொல்லால் போரைத் திருப்பக்கூடிய கடைசி எல்லை வஞ்சி. இரு தரப்பும் மதிலையும் யானையையும் வஞ்சினத்தையும் ஆயத்தம் செய்துகொண்டிருக்கும் அக்காலத்திலேயே புலவரும் தம் ஆயத்தத்தைச் செய்தல் வேண்டும். அதுவே துணைவஞ்சி.

அது பயன்பட்டதா என வினவலாம். நெடுங்கிள்ளிக்கு அமைந்த காரியாற்றுத் துஞ்சிய என்னும் அடைமொழியே அவன் முடிவைக் கூறும். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து உயிர்துறந்தான். இளந்தத்தன் ஒருவனே உயிர் பிழைத்தான். எனவே துணைவஞ்சி வெற்றியின் வரலாறு அன்று. எனினும் முற்றுகையிட்டோனையும் அடைத்திருந்தோனையும் ஒருசேர நிறுத்தி, நும்முள் எவர் தோற்பினும் தோற்பது நும் குடியே என்று சொல்லும் உரிமை ஒருவர்க்கு இருந்தது. அச்சொல்லைத் தனித்துறையாக வகுத்துப் போற்றும் மரபும் இருந்தது. ஆரும் ஆரும் எதிர்நின்ற அந்நாளில் பூ காட்டாத நெறியைப் புலவர் சொல் காட்டிற்று. ஒருகுடிப் போர் பற்றி நம் இலக்கியம் கண்ட முடிபு இதுவே என்க.